எப்போது எழுந்து வரலாம்?

முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களுக்கு எங்கே பயிற்சி நடந்தாலும், யார் நடத்தினாலும், முதல் அரை மணி நேரத்துக்குள் பொறுமை என்ற பேச்சு வந்துவிடும். கோபப்படும் பெரியவரிடம் பொறுமையாக இருங்கள், திட்டும் ஆச்சியிடம் பொறுமையாக இருங்கள், சந்தேகப்படுபவரிடம் இன்னும் பொறுமையாக இருங்கள். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு நெருடல் உண்டு. பொறுமை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. அது இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வருவதே இல்லை. சம்பளம் கிடையாது, பஸ் காசு கைக்காசு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போகும். இத்தனையும் தெரிந்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் மறுபடியும் பொறுமையைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டு, மூன்று மாதத்தில் அவர்கள் நின்றுபோனால் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனசு இல்லை" என்கிறோம். இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஆகவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் காரைக்குடி. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், அரியக்குடி, இந்தப் பக்கம் தேவகோட்டை வரை போய் வருகிறோம். குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் சிலர், பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற நான், இன்னும் சிலர். போய் உட்கார்ந்து பேசுவோம், மாத்திரை டப்பா சரியாகக் காலியாகியிருக்கிறதா என்று பார்ப்போம், நகம் வெட்டிவிடுவோம், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்போம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அதற்காகத் தெருத் தெருவாக நடக்கும் பெண்களும் நாங்கள் கேட்கும் வசவுகளைத்தான் கேட்கிறார்கள் என்று அவர்களோடு பேசும்போது தெரியும்.

இந்த ஊர்ப் பெரிய வீடுகளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தெருப்பக்கம் முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றி வளவு, பின்னால் இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீட்டில் பங்காளிகள் எத்தனையோ பேருக்குப் பங்கு இருக்கும். எல்லாரும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். வளவில் வரிசையாக அறைகள் பூட்டிக் கிடக்க, கடைசி அறையில் ஒரு ஆச்சி மட்டும் இருப்பார். சமைத்துப் போட ஒருவர் காலையில் வந்து போவார். மற்ற நேரம் ஆச்சியும் டிவியும்தான். கூப்பிட்டால் தெருவுக்குக் கேட்காத வீடு. நல்லதோ கெட்டதோ, எங்கள் பிள்ளைகள் அங்கே தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் வருவது திருட்டுப் பழி. அநேகமாக எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கிறது. குங்குமச் சிமிழைக் காணோம், சாவிக்கொத்தைக் காணோம், ஐநூறு ரூபாய் வைத்திருந்தேன் காணோம். நேற்றுவரை "வா ஆத்தா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தவர் இன்று முகத்துக்கு நேரே "நீதான் எடுத்த" என்பார். மறதி நோயில் இது மிகப் பழைய அறிகுறி. அல்சைமர் என்ற மருத்துவரின் பெயர் அந்த நோய்க்கு வரக் காரணமாக இருந்த ஆகஸ்ட் டீட்டர் என்ற பெண், 1901-இல் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு வயது 51. வீட்டில் அவரிடம் முதலில் தென்பட்டது கணவர் மேல் வந்த சந்தேகம். அப்புறம் பொருள்களை அங்கும் இங்கும் கொண்டுபோய் ஒளித்துவைப்பது. வைத்தது நினைவில் இருக்காது, வைத்த இடத்தில் பொருள் இருக்காது, அறையில் இருந்தது இந்தப் பெண் ஒருத்திதான், அப்படியானால் இவள்தான் எடுத்திருக்க வேண்டும். ஆச்சியின் தலைக்குள் கணக்கு சரியாகத்தான் வருகிறது. நடுவில் ஒரு வரி மட்டும் அழிந்துபோயிருக்கிறது.

ஆனால் செட்டிநாட்டில் இதை முழுக்க நோய்க் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்தாலே தெரியும், இந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் எனாமல் கிண்ணங்களும் எப்படி வெளியே வந்துகொண்டிருக்கின்றன என்று. அது பெரும்பாலும் பங்காளிகள் பேசி விற்றதுதான். ஆனால் தனியாக இருக்கும் வயதானவரிடம் வந்து "சும்மா கிடக்கிற பழைய சாமான்தானே ஆச்சி" என்று பேச்சுக் கொடுப்பவர்களும் உண்டு. பங்காளி வீட்டு விசேஷம் என்று பூட்டிய அறைகளைத் திறந்து மூடிய பிறகு அண்டாவின் கணக்கு குறைவதும் உண்டு. கல்யாணத்தில் அம்மா வீட்டில் இருந்து வந்த சாமான், ஒவ்வொன்றிலும் விலாசம் என்று குடும்பத்தின் முதலெழுத்துகள் வெட்டியிருக்கும், ஒவ்வொன்றும் பட்டியலில் எழுதிக் கொடுத்தது. அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை அது. அவர்கள் "சாமான் போச்சு" என்றால் அதில் பாதி நோய், பாதி கண்ணால் பார்த்தது. எங்கள் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆச்சியைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகும் பெண்ணுக்கும், இவர் நிஜமாகவே இழந்தவர் என்று தெரிந்து போகும் பெண்ணுக்கும் பேசும் குரலே வேறாக இருக்கும்.

அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதும் சொல்லிக்கொடுக்கக்கூடியதுதான். "நான் எடுக்கலை" என்று ஆரம்பித்தால் அது வழக்காகிவிடும். "காணோம்னா மனசு கெடந்து அடிச்சுக்கும்ல ஆச்சி, வாங்க தேடுவோம்" என்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். தேடும்போது பொருள் உங்கள் கண்ணில் பட்டால் எடுத்து நீட்டக் கூடாது, நீட்டினால் "அங்க வச்சது நீதானே" என்பார். அவர் கண்ணில் படும்படி அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அவர் கையாலேயே எடுக்கவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒளித்துவைக்கிற இடம் இரண்டு மூன்றுதான் இருக்கும். அரிசிப் பானை, தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்னால். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை கால் மணியில் முடிந்துவிடும். கைப்பையை உள்ளே கொண்டுபோகாமல் முகப்பிலேயே வைத்துவிடுவது, பீரோவையும் பெட்டகத்தையும் ஆச்சியே சொன்னாலும் திறக்காமல் இருப்பது, பேரப்பிள்ளைக்கு என்று பத்து ரூபாய் கொடுத்தாலும் வாங்காமல் வருவது எல்லாம் இதோடு சேர்ந்தவை.

அதேபோல, இரண்டு நாளைக்குள் ஒருவர் திடீரென்று ஆளே மாறிப்போனால் அதை நடத்தை என்று பார்க்காதீர்கள், உடம்பு என்று பாருங்கள் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவை போதும் வயதானவருக்குப் புத்தி தடுமாற. அங்கே வேண்டியது மருத்துவர். காது கேட்காதவரும் அப்படித்தான். இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார். பொழுது சாயும் நேரத்தில் மறதி நோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும், அதனால் முடிந்தவரை காலையில் போகிறோம்.

இதெல்லாம் நல்ல பாடம். தேவையான பாடம். எங்கள் பயிற்சி இந்த அளவோடு நின்றிருந்த காலத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

பள்ளிக்கூட ஹாலில்

வெளியூரில் இருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்திருந்தோம். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு நடித்துக் காட்டும் பயிற்சி வைத்தார். ஒருவர் முதியவர், ஒருவர் தன்னார்வலர். தையல் கடை அக்கா நான் ஆச்சியாக இருக்கிறேன் என்று முன்னால் வந்தார். ஹால் அலமாரிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். எதிரில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். அவள் அப்போது பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏ இங்க வா. சிமிழை எங்க வச்ச?"

"வாங்க ஆச்சி, சேர்ந்து தேடுவோம்." சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

"தேடவா? எடுத்தவளுக்குத் தெரியாதா எங்க இருக்குன்னு? ஒங்க ஆத்தா இதுக்குத்தான் ஒன்னைய வீடு வீடா அனுப்புறாளா?"

அக்கா இதையெல்லாம் எங்கே கேட்டார் என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஹாலில் முதலில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைச் சொன்னதும் அந்தப் பெண் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள், விரல் நுனி வெளுக்கும் வரை சுற்றினாள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று "நல்லாப் பண்றீங்கம்மா, அப்படியே பொறுமையா இருங்க" என்றார். அக்கா விடவில்லை, நாற்காலியில் இருந்து எழுந்து கிட்டே வந்தார். அப்போது அந்தப் பெண் அக்காவை விட்டுவிட்டுப் பயிற்சியாளரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சார், எப்ப எழுந்து வரலாம்?"

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா எவ்வளவு நேரம் நிக்கணும்? எப்ப நான் கிளம்பி வரலாம்?"

அவர் மறுபடியும் அன்பாகத்தான் சொன்னார், அவங்க நோயாளிம்மா, நாமதான் பொறுத்துப் போகணும் என்று. அந்தப் பெண் சொன்னாள், "வீட்லயும் அதான் சார் சொல்றாங்க. அது எனக்குத் தெரியும். எப்ப வரலாம்னு மட்டும் சொல்லுங்க."

யாரிடமும் பதில் இல்லை. அதுவரை எங்கள் பயிற்சித் தாள்கள் எதிலும் அந்தக் கேள்வியே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. பின் வரிசையில் இருந்து ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார். அவர் போகும் வீட்டு ஐயா ஒருநாள் உள்ளே தாழ் போட்டுப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு "நீ போனா நான் செத்துப்போவேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை இவர் உள்ளேயே இருந்திருக்கிறார். இன்னொருவர், பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் அந்தக் கை வேறு எங்கோ போகிறது என்றார், தலையைக் குனிந்துகொண்டு. ஒரு தம்பி, தன்னை முகப்பைத் தாண்டி உள்ளே விடாமல், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக் கேட்டு, தண்ணீர் கேட்டபோது தனி டம்ளரில் தூக்கி ஊற்றிய கதையைச் சொன்னான். இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் எங்களோடு மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அந்தத் தம்பி சொன்ன பதில்: "சொன்னா எனக்குப் பொறுமை இல்லைன்னு ஆயிரும்ல டீச்சர்."

பொறுமையை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி என்ன செய்கிறது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அது ஆளைத் தாங்கவைப்பதில்லை, வாயை மூடவைக்கிறது. நடந்ததைச் சொல்வதே தோல்வி என்றாகிவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று குழுவுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நல்ல பிள்ளைகள் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். அவர்கள் போன பிறகு அதே வீட்டுக்கு நாம் இன்னொரு பிள்ளையை அனுப்புவோம், அதே பொறுமைப் பாடத்தோடு.

இதில் பெண்பிள்ளைகள் நிலைமை தனி. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பொறுத்துப் போ என்பது பிறந்ததில் இருந்து கேட்டுவந்த பேச்சு அவர்களுக்கு. அதை ஒரு ஹாலில் உட்காரவைத்துப் படம் போட்டு மறுபடியும் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? பெரியவர்கள் பேசும்போது எழுந்து போகக் கூடாது என்று வளர்ந்த ஊரில், எழுந்து வருவதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் காரைக்குடி மாதிரி ஒருவருக்கு ஒருவர் தெரிந்த ஊரில், ஒரு வீட்டில் இருந்து பாதியில் கிளம்பினால் அது மறுநாள் சந்தையில் பேச்சாகிவிடும். கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிக்கும் சிகிச்சை இயக்கம் பிற்பாடு அக்கம்பக்கத்து மக்களையே தன்னார்வலர்களாக்கி ஊர் ஊராகப் பரவியது, நம் எல்லாருக்கும் அது ஒரு முன்மாதிரி. பக்கத்து வீட்டுக்காரரே போவதில் இருக்கும் அருமை எனக்குத் தெரியும். அதே பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கிளம்பி வருவது கஷ்டம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"வியாழக்கிழமை வாரேன் ஆச்சி"

அடுத்த சில வாரங்கள் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு பக்கத்துக்கு எழுதினோம். எப்போது எழுந்து வரலாம் என்று. கை ஓங்கினால், அடித்தால், கையில் எதையாவது எடுத்தால் அந்த நொடியே. கதவைத் தாழிட்டால், அல்லது தாழிடப் போகிறார் என்று தோன்றினாலே. தவறான இடத்தில் கை பட்டால், அது நோயாலா வேண்டுமென்றா என்ற ஆராய்ச்சி இல்லாமல். குடித்துவிட்டு வீட்டில் யாராவது இருந்தால் உள்ளேயே போகவேண்டாம். சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால். வெறும் வசவு என்றால், ஒரு தடவை பேச்சை மாற்றிப் பார்க்கலாம், இரண்டாவது தடவை எழுந்து முகப்பு வரை போய் ஐந்து நிமிடம் கழித்து வரலாம், மூன்றாவது தடவை கிளம்பலாம். எதுவுமே இல்லாமல், இன்று எனக்கு முடியவில்லை என்று தோன்றினாலும் கிளம்பலாம், அதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கடைசி வரிக்குத்தான் குழுவில் சண்டை அதிகம் நடந்தது, அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எப்படி வருவது என்பது அதைவிட முக்கியம். உட்காரும்போதே வாசல் பக்கம் உட்கார வேண்டும், ஆச்சிக்கும் வாசலுக்கும் நடுவில் நாம் இருக்க வேண்டும், ஆனால் அவர் வழியை மறித்தமாதிரி இருக்கக் கூடாது. செல்போன் கையில், பையில் இல்லை. முதல் மூன்று மாதம் இரண்டு இரண்டு பேராக. உள்ளே போகும்போது ஒரு மெசேஜ், வெளியே வந்ததும் ஒரு மெசேஜ், நேரம் தாண்டினால் நாங்கள் கூப்பிடுவோம். கிளம்பும்போது கோபத்தைக் காட்டாமல், பாடம் நடத்தாமல், எப்போது வருவோம் என்ற நாளைச் சொல்லிவிட்டு எழ வேண்டும். "ஆச்சி, நீங்க இப்பக் கோவமா இருக்கீக. நான் போயிட்டு வியாழக்கிழமை வாரேன்." சொன்ன வியாழக்கிழமை கட்டாயம் போக வேண்டும், அந்தப் பிள்ளையால் முடியாவிட்டால் வேறொருவராவது. கிளம்பியதைத் தண்டனையாக ஆக்கிவிடாமல் காப்பாற்றுவது இந்த வியாழக்கிழமைதான்.

இதை எழுதியதோடு விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவை எதிரில் கத்தவிட்டு, எழுந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, செருப்பை மாட்டி, ஹால் வாசலைத் தாண்டும் வரை ஒவ்வொருவரையும் செய்துபார்க்க வைத்தோம். எழுந்திருக்கவே முடியாதவர்கள் இருந்தார்கள். எழுந்தவர்களில் பாதிப் பேருக்குக் குரல் வரவில்லை. "மன்னிச்சுக்கங்க ஆச்சி" என்று ஆரம்பித்து, அக்கா "எதுக்கு மன்னிக்கணும், மறுபடி சொல்லு" என்று திருப்பி அனுப்பினார். நீச்சலை மேடையில் நின்று சொல்லிக்கொடுக்க முடியாது, இதுவும் அப்படித்தான், கால் பழக வேண்டும்.

அந்தக் கேள்வி கேட்ட பெண் பள்ளத்தூர் வீட்டுக்கு மறுபடி போனாள். அந்த வாரமே ஆச்சி ஆரம்பித்திருக்கிறார். சொன்னபடி எழுந்து, நாளைச் சொல்லி, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த தடவை போனபோது ஆச்சி எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை, அல்லது வைத்திருந்தும் காட்டவில்லை. இன்றுவரை அவள்தான் அந்த வீட்டுக்குப் போகிறாள், முன்பைவிட அதிக நேரம் இருக்கிறாள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆள் உள்ளே நிம்மதியாக உட்கார முடிகிறது. வசவு வரும்போது இவள் உடம்பு இறுகுவதில்லை, அவள் இறுகாததால் ஆச்சிக்கும் வேகம் குறைகிறது. எந்தப் பயிற்சியும் வெறும் பேச்சில் கொண்டுவராத பொறுமை அவளுக்கு அங்கே தானாக வந்திருக்கிறது.

கை நீட்டும் ஐயா விஷயம் இத்தனை எளிதாக முடியவில்லை. மறதி நோயில் கூச்சம் விட்டுப்போவது உண்டு, முன்பு கண்ணியமாக இருந்தவர்களுக்கும் வரும். அவருடைய மனைவி எங்களிடம் அழுதார், வராமல் இருந்துவிடாதீகம்மா என்று. நோய் என்பது அவரை வெறுக்காமல் இருக்கக் காரணம் ஆகலாம், ஒரு பெண்ணை அதற்கு ஆளாக்கக் காரணம் ஆகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் ஊழியர் என்றே கணக்கில் எடுக்கிறது, வீட்டையும் பணியிடம் என்கிறது. பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு இப்போது ஆண்கள் இரண்டு பேர் போகிறார்கள். அந்த அம்மாவைப் பார்க்க நானும் அக்காவும் தனியாகப் போய், முகப்பில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம்.

தனி டம்ளர் வீட்டை நாங்கள் விட்டுவிட்டோம். அங்கே இருந்தவருக்கு மறதி இல்லை, நோய் இல்லை, கணக்கு வழக்கு எல்லாம் தெளிவாகப் பேசுவார். அவருக்குப் பிடித்தமான வேறு ஆளை அனுப்பினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. அப்படி அனுப்பினால் அந்தத் தம்பியை அவமானப்படுத்துவது நாங்களாகிவிடுவோம். அரசின் முதியோர் உதவி எண் 14567-ஐ அவருக்கு எழுதிக் கொடுத்தோம், காலை எட்டு மணியில் இருந்து இரவு எட்டு வரை எடுப்பார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று. நின்றுகொண்டேதான் கொடுத்தோம்.

கேமராவில் இருந்து வரும் குரல்

ஆச்சிகளையும் ஐயாக்களையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் எங்கள் பிள்ளைகளை அதிகம் அழவைப்பவர்கள் அவர்கள் இல்லை. இப்போது நிறைய வீடுகளில் கேமரா மாட்டியிருக்கிறார்கள், வெளிநாட்டில் இருந்தே பார்க்கலாம், பேசலாம். ஒரு பெண் ஆச்சிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருந்து ஆண் குரல் வருகிறது: "அந்தப் போர்வையை ஏன் மடிக்கலை? டயப்பர் மாத்தியாச்சா? நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?" பெயரும் கேட்கவில்லை, வணக்கமும் இல்லை. சம்பளத்துக்கு வைத்த ஆளிடமும் அப்படிப் பேசக் கூடாது, அது வேறு விஷயம்.

அந்த மகனுக்கு அங்கே நடுராத்திரியாக இருக்கும். அம்மாவைத் தனியாக விட்டிருக்கும் குற்ற உணர்வில் தூக்கம் வராமல் போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார், கண்ணில் படுவது மடிக்காத போர்வை. அவர் கோபம் போர்வை மேலும் இல்லை, அந்தப் பெண் மேலும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லிவிட்டு, அதைச் சுமக்கவேண்டியது நீ இல்லை என்றும் சொல்கிறோம். "எங்க டீச்சர் ஒங்களைக் கூப்பிடுவாங்க" என்ற ஒரே பதில்தான் அவர்கள் சொல்ல வேண்டியது. நான் கூப்பிடுகிறேன். இப்போது ஒரு வீட்டுக்குப் போக ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பெரியவர் பெற்ற பிள்ளைகளோடு வீடியோவில் உட்கார்ந்து பேசிவிடுகிறோம், என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம், எப்போது எழுந்து வந்துவிடுவோம் என்று. கேமரா வழியாக எங்கள் ஆளிடம் பேசக் கூடாது என்பதும் அதில் ஒன்று. சொத்து விஷயத்தில் யார் பக்கமும் பேசமாட்டோம், சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டோம் என்பது இன்னொன்று. பெற்றோர் பராமரிப்புக்கு 2007-இல் வந்த சட்டம் இருக்கிறது, அதற்கு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பார்க்காமல் விட்டவர்களைக் கேட்க அங்கே வழி உண்டு. பத்தொன்பது வயதுப் பெண்ணை அந்த வழக்கில் இழுக்கக் கூடாது. இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள். சரி என்றவர்கள் அப்புறம் பெரும்பாலும் நன்றாகவே நடந்துகொள்கிறார்கள்.

எங்கள் வங்கி அண்ணனுக்கு இதெல்லாம் இன்னும் சம்மதம் இல்லை. சேவை என்று வந்தபிறகு எல்லைக்கோடு போடலாமா என்கிறார். ஊருக்கு ஊர் சத்திரம் கட்டி, வந்தவன் யார் என்று கேட்காமல் சோறு போட்ட மண்ணில் இப்படிப் பேசுவது அவருக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் பார்த்துக்கொண்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் ஆறடி ஆண், ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர், அவரை உள்ளே வைத்துப் பூட்ட யாருக்கும் தைரியம் வராது. அவர் தாங்கியதும் அந்தக் கல்லூரிப் பெண் தாங்கியதும் ஒன்றில்லை என்பதை அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவர் கேட்டதில் ஒரு கேள்விக்கு மட்டும் நாங்கள் சேர்ந்து விடை தேட வேண்டியிருந்தது. பிள்ளை எழுந்து வந்துவிடுகிறது, சரி, அந்தப் பெரிய வீட்டுக்குள் பதறிப்போய்த் தனியாக இருக்கும் ஆச்சி என்ன ஆவார்? அதனால் இப்போது ஒரு விதி சேர்த்திருக்கிறோம். கிளம்பும் ஆள் பக்கத்து வீட்டிலோ, சமையல்காரம்மாவிடமோ, அதுவும் இல்லையென்றால் எங்களில் ஒருவரிடமோ சொல்லாமல் தெருமுனையைத் தாண்டக் கூடாது. சொல்லப்பட்டவர் அரை மணிக்குள் ஆச்சியைப் போய்ப் பார்க்க வேண்டும், உள்ளே போகாவிட்டாலும் வாசலில் நின்று குரல் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். மனம் மிகவும் கலங்கியிருந்தால், அது ஆச்சியாக இருந்தாலும் நம் பிள்ளையாக இருந்தாலும், அரசின் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் உண்டு. இதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு ஆளைப் பேசி வைக்கும் வேலை நடக்கிறது. பூட்டிய வீடுகளே வரிசையாக இருக்கும் தெருக்களில் அப்படி ஒரு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அங்கே இரண்டு பேராகத்தான் அனுப்புகிறோம், ஒருவர் எழுந்து வந்தால் மற்றவர் முகப்பில் இருப்பார். ஆள் போதவில்லை. ஆடி முடிந்ததும் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறோம், முதல் ஒரு மணி நேரம் அக்காவுக்கு.